இணையவெளி அலரும் சட்டத்தின் கடமையும்

முன்னுரை

ஒருவரைப் பற்றி ஊர் பேசும் பேச்சுக்குத் தமிழ் அகமரபு இரண்டு பெயர்களை வைத்துள்ளது. சிலர் மட்டும் அறிந்து தம்முள் முணுமுணுப்பது அம்பல். பலரும் அறிய வெளிப்படப் பேசுவது அலர். உரையாசிரியர்கள் முன்னதை அரும்புக்கும் பின்னதை மலர்ச்சிக்கும் ஒப்பிட்டு விளக்குவர். சங்க அகப்பாடல்களின் தலைவி அலருக்கு அஞ்சினாள். ஆயினும் அவள் அஞ்சிய அலர் ஓர் ஊரின் எல்லைக்குள் எழுந்து, திருமணம் நிகழ்ந்ததும் அடங்கிவிட்டது. இன்று இணையவெளியில் எழும் அலருக்கு ஊரும் இல்லை, எல்லையும் இல்லை, அடங்கும் நாளும் இல்லை. தூற்றியவர் மறந்த பின்னரும் தூற்றிய சொல்லும் படமும் எங்கோ ஒரு கணினியில் உயிரோடு இருக்கின்றன.

இத்தகைய இணையவழித் துன்புறுத்தலுக்குச் சட்டத்தின் வழி விளைவு இருத்தல் வேண்டுமா என்னும் வினா இன்று கற்றோர் நடுவே பெரிதும் விவாதிக்கப்படுகிறது. 'சொல்லுக்குச் சிறையா?' என்பார் ஒருசாரார். 'சொல்லால் ஒரு வாழ்வு அழியுமாயின் அது வெறும் சொல்லா?' என்பார் மற்றொரு சாரார். இரு சாராரிடத்தும் உண்மை உண்டு. இக்கட்டுரையில் நம் நாட்டு வழக்குகள் சிலவற்றை முன்வைத்து இவ்வினாவை ஆராய்வோம்.

துன்புறுத்தல் என்பது யாது?

முதற்கண் சொற்பொருளை வரையறுத்துக் கொள்ளுதல் நலம். ஒருவருடைய கருத்தை மறுப்பது விமர்சனம். அதிகாரத்தில் இருப்பவரை நகைப்புக்கு உள்ளாக்குவது எள்ளல். சினத்தில் கடுஞ்சொல் வீசுவது வசை. இவை மூன்றும் கேட்பவர்க்கு இனிமை தருவன அல்ல. ஆயினும் மக்களாட்சி இவற்றைப் பொறுத்தே நடைபெற வேண்டியிருக்கிறது. துன்புறுத்தல் இவற்றினும் வேறானது. ஒரு தனி மனிதரைக் குறிவைத்து, அவர் விலகிய பின்னும் விடாது தொடர்ந்து, மிரட்டியோ, அவர் பெயரில் பொய்க்கணக்குத் தொடங்கியோ, அவருடைய அந்தரங்கத்தை வெளியிட்டோ, படத்தைத் திரித்துப் பரப்பியோ அவர் நிம்மதியாக வாழ இயலாதபடி செய்வதே துன்புறுத்தல். விமர்சனத்தின் குறி கருத்து; துன்புறுத்தலின் குறி ஆள். இவ்வேறுபாட்டை மனத்திற் கொண்டால் பின்வரும் செய்திகள் எளிதில் விளங்கும்.

மரபு கூறும் நெறி

புறங்கூறாமைக்குத் தனி அதிகாரம் வகுத்தார் திருவள்ளுவர். அஃது அறநூல், தனிமனித ஒழுக்கத்தை நோக்கிப் பேசுவது. ஆனால் புறங்கூற்றை அரசும் சமுதாயமும் ஒறுக்கத்தக்க குற்றமாகக் கருதிய பார்வையும் நம் இலக்கியத்தில் உண்டு. சிலப்பதிகாரம் காட்டும் புகார் நகரில் பூத சதுக்கம் என்றொரு மன்றம் இருந்தது. அங்குள்ள பூதம் யார் யாரைத் தன் பாசத்தால் கட்டிப் புடைக்கும் என்னும் பட்டியலில், அரசனை வஞ்சிக்கும் அமைச்சரோடும் பிறர்மனை நயப்போரோடும் பொய்ச்சான்று கூறுவோரும் புறங்கூறுவோரும் ஒருங்கே வைக்கப்பட்டுள்ளனர்.

அடைக்கலக் காதையில் மாடலன் கூறும் நிகழ்ச்சி இன்னும் ஆழமானது. ஒருவன் ஒரு பத்தினிமீது பழி சுமத்தி, அவள் கணவனிடத்தே பொய்ச்சான்று கூறினான். பூதத்தின் பாசத்தில் அகப்பட்டான். அவனுடைய தாயின் துயரைக் காணப் பொறாத கோவலன், தன் உயிரைக் கொண்டு அவனை விடுக என வேண்டினான். பூதம் இசையவில்லை. அவன் மாண்டபின், அவனுடைய தாயையும் சுற்றத்தாரையும் கோவலன் பல்லாண்டு பேணிக் காத்தான் என்கிறது காப்பியம். பூதத்தின் கொலைத் தண்டனை இக்காலத்துக்கு உரியதன்று. ஆயினும் இந்நிகழ்ச்சியில் இரண்டு கருத்துகள் தெளிவு. ஒரு பெண்ணின் வாழ்வைக் குலைக்கும் பொய்ச்சொல் வெறும் பேச்சன்று, செயல் என்பது ஒன்று. குற்றத்திற்கு விளைவு உண்டு என்னும் உறுதியும் குற்றவாளியைச் சார்ந்தோரிடத்து இரக்கமும் ஒன்றற்கொன்று பகையல்ல என்பது மற்றொன்று.

இசுலாமிய நெறியும் இதனை வலியுறுத்துகிறது. நான்கு சாட்சிகளைக் கொண்டு வராமல் கற்புடைய மகளிர்மீது பழி சுமத்துவோரைத் தண்டனைக்கு உரியவராக்குகிறது திருக்குர்ஆனின் 24-ஆம் அத்தியாயம். சான்றில்லாத பேச்சு பேசியவனையே சுடும் என்னும் கொள்கை நமக்குப் புதியதன்று.

சென்னையில் நிகழ்ந்த முதல் வழக்கு

தகவல் தொழில்நுட்பச் சட்டம் நம் நாட்டில் 2000-ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. அதன்கீழ் ஆபாசச் செய்தி வெளியிட்டமைக்காகத் தண்டனை வழங்கப்பட்ட முதல் வழக்காகப் பரவலாகச் சுட்டப்படுவது சென்னையில் நிகழ்ந்ததாகும். மணவிலக்குப் பெற்ற ஒரு பெண்ணை மணக்க விரும்பினான் ஒருவன். அவர் இசையவில்லை. அதனால் சினங்கொண்டவன், அவர் பெயரில் பொய் மின்னஞ்சல் கணக்கைத் தொடங்கி, அவரைப் பற்றிய இழிவான செய்திகளை யாஹூ குழுக்களில் வெளியிட்டான். அதனை மெய்யென நம்பிய அயலார் பலர் அப்பெண்ணுக்குத் தொலைபேசியில் ஓயாது தொல்லை கொடுத்தனர். 2004 பிப்ரவரியில் அவர் புகார் அளித்தார். காவல் துறை குற்றவாளியை மும்பையில் கண்டறிந்து கைது செய்தது. அதே ஆண்டு நவம்பர் 5-ஆம் நாள் எழும்பூர் நீதிமன்றம் அவனைக் குற்றவாளியெனத் தீர்ப்பளித்து, ஈராண்டுக் கடுங்காவல் உள்ளிட்ட தண்டனைகளை விதித்தது.

இவ்வழக்கில் நாம் கருத வேண்டியவை மூன்று. அவன் கூறியது கருத்தன்று. ஒரு பெண்ணைக் குறிவைத்த வஞ்சம். தொல்லை கணினித் திரையோடு நின்றுவிடவில்லை. தொலைபேசி வழியாக வீட்டுக்குள் நுழைந்தது. எல்லாவற்றினும் முதன்மையாக, புகாருக்கும் தீர்ப்புக்கும் இடையே ஓராண்டு கூடக் கழியவில்லை. முகநூலும் வாட்ஸ்அப்பும் இந்நாட்டில் கால்கொள்ளாத காலத்திலேயே, துன்புறுத்தலைச் சட்டத்தால் பிடிக்க முடியும் என்பதைச் சென்னை நிறுவிக் காட்டியது.

வலை அகன்றால் நேரும் கேடு

விளைவு வேண்டும் என்பது சரி. எத்தகைய சட்டத்தால் என்பது அடுத்த வினா. 2008-இல் திருத்தப்பெற்று 2009 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த 66ஏ என்னும் பிரிவு, மிகவும் புண்படுத்தும் செய்தியையும், எரிச்சலோ இடையூறோ விளைக்கும் நோக்குடன் அனுப்பும் பொய்ச்செய்தியையும் மூன்றாண்டு வரை சிறைத் தண்டனைக்கு உரியதாக்கியது. எரிச்சல் என்றால் யாருடைய எரிச்சல்? இடையூறு என்றால் எவ்வளவு? சட்டம் கூறவில்லை. கூறாத இடத்தை அதிகாரம் நிரப்பியது.

2012 நவம்பரில் மராட்டிய மாநிலத்தில் ஓர் அரசியல் தலைவர் மறைந்தபோது மும்பை கடையடைத்தது. அதைக் குறித்து முகநூலில் வினா எழுப்பிய இளம்பெண் ஒருவரும், அப்பதிவை விரும்பியதாகக் குறியிட்ட அவருடைய தோழியும் கைது செய்யப்பட்டனர். அதற்கு முந்திய மாதத்தில், மத்திய அமைச்சர் ஒருவரின் மகனைப் பற்றி ட்விட்டரில் எழுதியமைக்காகப் புதுச்சேரி வணிகர் ஒருவர் கைதானார். யாரைக் காக்க எழுந்ததாகக் கூறப்பட்டதோ அந்த எளியோரை விடுத்து, எளியோரின் வாயை அடைக்கவே அப்பிரிவு பயன்பட்டது.

2015 மார்ச் 24-ஆம் நாள் ஷ்ரேயா சிங்கல் வழக்கில் உச்ச நீதிமன்றம் அப்பிரிவை முற்றாக நீக்கியது. ஒரு பொருளை விவாதிப்பது வேறு, அதற்காக வாதாடுவது வேறு, தீங்குக்குத் தூண்டுவது வேறு என நீதிமன்றம் பகுத்துக் காட்டியது. முதலிரண்டும் எத்துணை வெறுக்கத்தக்கனவாயினும் உரிமைக்குள் அடங்கும் என்றும், தூண்டுதல் என்னும் படியை எட்டிய பின்னரே சட்டம் தலையிடலாம் என்றும் விளக்கியது. நீக்கப்பட்ட பின்னரும் அப்பிரிவின்கீழ் வழக்குகள் பதிவாகிவந்தமையால், 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மீண்டும் தலையிட்டு, எவர்மீதும் அதன்கீழ் வழக்குத் தொடரலாகாது என ஆணையிட நேர்ந்தது.

அண்டை மாநிலமான கேரளமும் இதே பாடத்தைக் கற்றது. 2020 நவம்பரில் இணையவழி அவதூற்றைத் தடுக்கும் நோக்குடன் காவல் துறைச் சட்டத்தில் 118ஏ என்னும் பிரிவை அவசரச் சட்டத்தால் சேர்த்தது. பத்திரிகைச் சுதந்திரம் பறிபோகும் என எழுந்த எதிர்ப்பினால் சில நாள்களிலேயே அதனைக் கைவிட்டது. கண்ணி பெரிதான வலையில் சிறுமீன் தப்பும் என்பர். வரையறையற்ற சட்டத்திலோ பெருமீன் வலைவீசுபவனாகவே ஆகிவிடுகிறது.

ஏலத்தில் வைக்கப்பட்ட மாதர்

அகன்ற சட்டத்தால் ஒரு கேடு எனில், உறங்கும் சட்டத்தால் மற்றொரு கேடு. 2021 சூலையில், முசுலிம் பெண்கள் பலருடைய படங்களை அவர்கள் அறியாமல் எடுத்து, அவர்களை ஏலத்துக்கு விடுவதாகக் காட்டும் செயலி ஒன்று இணையத்தில் தோன்றியது. இதழாளர், ஆய்வாளர், விமான ஓட்டி எனப் பொதுவாழ்வில் குரல் கொடுத்த மகளிர் பலர் அதில் இருந்தனர். புகார்கள் பதிவாயின, ஆயினும் மாதங்கள் பல கழிந்தும் எவரும் கைதாகவில்லை. 2022-ஆம் ஆண்டின் முதல் நாளன்று, அதே வகையில் மற்றொரு செயலி தோன்றியது. இம்முறை மும்பைக் காவல் துறை விரைந்து செயற்பட்டது. சில நாள்களில் கைதுகள் நிகழ்ந்தன. அதன் பின்னரே முந்தைய செயலியைத் தொடங்கியதாகக் கருதப்பட்டவரும் பிடிபட்டார். முதற்புகாரின்மீது உடன் நடவடிக்கை எடுத்திருந்தால் இரண்டாவது ஏலம் நிகழ்ந்திருக்குமா என்னும் வினா இயல்பாகவே எழுகிறது.

மாணவர் கருத வேண்டிய செய்தி இன்னொன்று உண்டு. கைதானவர்களுள் பொறியியல் மாணவரும், பதினெட்டு வயதே நிரம்பிய இளம்பெண்ணும் இருந்தனர். கல்வி பெற்ற இளையோரின் கைகளே இதனைச் செய்தன என்பது நெஞ்சைச் சுடும் உண்மை. 2022 மார்ச்சில் தில்லி நீதிமன்றம் முதன்மையாகக் குற்றஞ்சாட்டப்பட்ட இருவருக்கு, முதன்முறை குற்றஞ்சாட்டப்பட்டவர்கள் என்பதையும் கருதிப் பிணை வழங்கியது. பாதிக்கப்பட்ட மகளிர்க்கு இது மனவருத்தம் அளித்திருக்கலாம். ஆயினும் விசாரணை முடியும் முன்னரே சிறையைத் தண்டனையாக்குவது சட்டத்தின் நெறியன்று. நாம் வேண்டுவது பழிவாங்கல் அன்று. தவறாது நிகழும் விசாரணையும் தீர்ப்புமே.

இன்றைய சட்டநிலை

66ஏ நீங்கியதால் காப்பே இல்லாமற் போயிற்று என்பது பிழையான எண்ணம். 2024 சூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-ஆம் பிரிவு, ஒரு பெண் விருப்பமின்மையைத் தெளிவாகக் காட்டிய பின்னும் ஓர் ஆண் அவரைத் திரும்பத் திரும்பத் தொடர்புகொள்வதையும், அவருடைய இணையப் பயன்பாட்டை வேவு பார்ப்பதையும் குற்றமாக்குகிறது. முதன்முறைக்கு மூன்றாண்டு வரையும், மறுமுறைக்கு ஐந்தாண்டு வரையும் சிறை விதிக்கலாம். பெயரை மறைத்து மிரட்டுவோர்க்கு 351-ஆம் பிரிவு கூடுதல் தண்டனை வகுக்கிறது. பிறர் அடையாளத்தைத் திருடுவது, அந்தரங்கப் படத்தை எடுத்து வெளியிடுவது, ஆபாசச் செய்தியைப் பரப்புவது ஆகியவற்றுக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி, 66இ, 67 ஆகிய பிரிவுகள் உள்ளன.

தமிழகத்துக்கும் இதில் தனி வரலாறு உண்டு. தெருவில் நிகழ்ந்த தொல்லையால் சென்னைக் கல்லூரி மாணவி ஒருவர் உயிரிழந்ததைத் தொடர்ந்து, 1998-இல் பெண்கள்மீதான தொல்லையைத் தடுக்கும் சட்டம் இங்கு இயற்றப்பட்டது. 2025 ஜனவரியில் சட்டமன்றம் அதனைத் திருத்தி, மின்னணு வழியாக இழைக்கப்படும் தொல்லையையும் அதற்குள் கொணர்ந்தது. தெருவில் குற்றமானது திரையிலும் குற்றமே என்னும் தெளிவு இதனால் பிறந்தது.

இவை யாவும் செயலைச் சுட்டும் சட்டங்கள் என்பதைக் கருதுக. கேட்டவர் மனம் புண்பட்டதா என்பதை மட்டும் இவை கேட்பதில்லை; செய்தவன் என்ன செய்தான் என்பதைக் கேட்கின்றன. சட்டம் நிற்க வேண்டிய இடம் இதுவே.

எனினும் இடைவெளிகள் உள்ளன. 78-ஆம் பிரிவு பெண்களை மட்டுமே காக்கிறது. தொடர்ந்து அலைக்கழிக்கப்படும் ஆடவரும் சிறுவரும் வேறு பிரிவுகளைத் தேட வேண்டியிருக்கிறது. ஒருவன் நூறுமுறை செய்தி அனுப்பினால் அது தொடர்தல். நூறு பேர் ஆளுக்கு ஒருமுறை அனுப்பினால்? பெறுபவர்க்குத் துன்பம் ஒன்றே. ஆனால் தொடர்தல் என்னும் சொல்லில் அவர்களுள் எவரும் எளிதில் அகப்படார். அம்பலைப் பிடிக்கக் கற்ற சட்டம் அலரைப் பிடிக்க இன்னும் முழுதாகக் கற்கவில்லை. பலரைத் திரட்டி ஒருவர்மேல் ஏவுபவரைத் தனியே குற்றவாளியாக்கும் தெளிவான பிரிவு தேவை என்பது நம் கருத்து.

பகிர்வோர் பொறுப்பு

'நான் எழுதவில்லை, வந்ததை அனுப்பினேன்' என்பது இன்று எங்கும் கேட்கும் சமாதானம். 2018-இல் பெண் இதழாளர்களை இழிவுபடுத்தும் பதிவு ஒன்றை முகநூலில் பகிர்ந்த பொதுவாழ்வினர் ஒருவர் இவ்வாதத்தையே முன்வைத்தார். 2023 சூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. அனுப்பிய செய்தி வில்லினின்று விடுபட்ட அம்பு போன்றது. அனுப்பியவரே அதன் விளைவுக்குப் பொறுப்பாவார் என்பது அத்தீர்ப்பின் சாரம். அடுத்த மாதமே உச்ச நீதிமன்றமும் அதில் தலையிட மறுத்துவிட்டது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67-ஆம் பிரிவும் வெளியிடுவோரை மட்டுமன்றி அனுப்புவோரையும் சேர்த்தே கூறுகிறது. அலர் ஒருவர் வாயால் எழுவதன்று. ஒவ்வொருவரும் சிறிது கூறப் பெரிதாவது. ஆதலின் பகிரும் விரலும் பேசும் நாவே.

விரைவே முதற்காப்பு

தண்டனையின் கடுமையைக் கூட்டினால் குற்றம் குறையும் என எண்ணுவோர் பலர். நிகழ்வுகள் வேறு பாடத்தைக் கற்பிக்கின்றன. 2016-இல் சேலம் மாவட்டத்தில் ஓர் இளம்பெண்ணின் முகம் திரிக்கப்பட்ட படத்தில் பொருத்தப்பட்டு முகநூலில் வெளியிடப்பட்டது. குடும்பத்தார் காவல் துறையை நாடினர். படம் உடன் நீங்கவில்லை. குற்றவாளியும் உடன் பிடிபடவில்லை. அதற்குள் அப்பெண்ணை இழந்தோம். சட்டம் அப்போதும் இருந்தது; தண்டனையும் இருந்தது. இல்லாதது விரைவு ஒன்றே. 2021-இல் வகுக்கப்பட்ட தகவல் தொழில்நுட்ப விதிகள், திரிக்கப்பட்ட அந்தரங்கப் படங்களைப் புகார் கிடைத்த 24 மணி நேரத்துக்குள் நிறுவனங்கள் நீக்க வேண்டும் எனக் கட்டாயப்படுத்தியது இவ்வகையில் போற்றத்தக்கது.

பாதிக்கப்பட்டோர் செய்யத்தக்கவையும் சில உண்டு. வெட்கமுற்று அழித்துவிடாமல், செய்தியையும் படத்தையும் அனுப்பிய கணக்கின் முகவரியையும் நாள், நேரத்தோடு பதிந்து வைத்தல் வேண்டும், அதுவே சான்று. அந்தந்த நிறுவனத்துக்கும், காவல் துறையின் இணையக் குற்றப் பிரிவுக்கும் ஒருங்கே புகார் அளித்தல் வேண்டும். மத்திய அரசின் தேசிய இணையக் குற்றப் புகார்த் தளமும் உண்டு. எல்லாவற்றினும் முன்னதாக, நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் வாய்திறந்து கூறுதல் வேண்டும். இங்கே பெரியோர்க்கு ஒரு விண்ணப்பம். மகள் வந்து சொல்லும்போது 'நீ ஏன் படம் போட்டாய்?' என்று கேட்காதீர்கள். 'கைப்பேசியைக் கொடு, கல்லூரிக்குப் போக வேண்டாம்' என்று கூறாதீர்கள். அவ்வாறு கூறும் வீட்டில் குற்றவாளி தப்புகிறான். குற்றமற்றவள் தண்டனை பெறுகிறாள். அந்த அச்சமே மிரட்டுபவனின் முதல். அதை அழித்துவிட்டால் அவனுடைய வாணிகம் முடிந்தது.

இரு தடைகளுக்கு விடை

'பொருட்படுத்தாமல் விட்டால் தானே அடங்கும்' என்பர் சிலர். கருத்து மோதலுக்கு அது பொருந்தும், மிரட்டலுக்குப் பொருந்தாது. படம் பரவும்போது அவர் பார்க்காதிருந்தாலும் ஊர் பார்க்கிறது. 'சட்டம் வந்தால் எழுத்துரிமை போகும்' என்பர் வேறு சிலர். 66ஏ-வின் வரலாறு இவ்வச்சத்தை நியாயப்படுத்துகிறது. ஆனால் துன்புறுத்தலும் பேச்சுரிமையைப் பறிப்பதே என்பதை அவர்கள் கருதுவதில்லை. ஏலத்தில் வைக்கப்பட்ட மகளிர் யாவர்? பேசியவர்கள், எழுதியவர்கள். அவர்களை வாய்மூடச் செய்வதே அவ்வேலத்தின் நோக்கம். ஆகவே செவ்விய சட்டம் பேச்சுரிமைக்கு எதிரியன்று, அதன் காவலாகும்.

நிறைவுரை

மேற்கூறியவற்றால், இணையவழித் துன்புறுத்தலுக்குச் சட்டத்தின் வழி விளைவு இருத்தல் வேண்டும் என்பதே நாம் அடையும் முடிவு. அச்சட்டம் சொல்லின் கசப்பை அளக்காமல் செயலின் தீமையை அளக்க வேண்டும். ஆளைக் குறிவைத்ததா, விலகிய பின்னும் தொடர்ந்ததா, மிரட்டியதா, பொய் அடையாளம் பூண்டதா, அந்தரங்கத்தைத் திறந்ததா என்னும் ஐந்து வினாக்களுள் ஒன்றுக்கேனும் 'ஆம்' என்னும் விடை இருந்தாலன்றி, அது எவரையும் சிறைக்கு அனுப்பலாகாது. தண்டனை அளவாக இருக்கலாம். ஆனால் தவறாததாகவும் தாழாததாகவும் இருத்தல் வேண்டும். இளையோர் அறியாது இழைத்த சிறு குற்றங்களுக்குச் சிறையினும் திருத்தமே ஏற்றது. புதிய சட்டத்தில் அவதூறு வழக்குக்குச் சமுதாயத் தொண்டும் ஒரு தண்டனையாகச் சேர்க்கப்பட்டிருப்பது இவ்வழியில் நல்ல தொடக்கம்.

மாணவ மணிகளே! மொழியைக் கற்பவர்க்குச் சொல்லின் ஆற்றல் பிறரினும் நன்கு தெரியும். ஒரு சொல்லை ஆயிரம்பேர்க்கு அனுப்பும் வசதி நம் முன்னோர் எவருக்கும் வாய்க்கவில்லை, உங்களுக்கு வாய்த்திருக்கிறது. சட்டம் குற்றம் நிகழ்ந்த பின்னரே வரும். அலரை அரும்பிலேயே நிறுத்தும் வாய்ப்போ, வந்த செய்தியை மேலும் அனுப்பாமல் விடும் ஒவ்வொருவர் கையிலும் இருக்கிறது.